கடைசி பெஞ்சில் பேனாவோடு

ஏப்ரல் 28, திங்கள்

வட்டக்கோட்டைக்கு ஒரு வடநாட்டுக் குடும்பத்தை ஆட்டோவில் கொண்டுவிட்டேன். இறங்கியதும் அந்த ஆள் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொல்லி, கடைசியில் "ஓகே?" என்றார். அது மட்டும் புரிந்தது. "ஓகே சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோட்டையைப் பார்த்துவிட்டு வரும்வரை நிற்க முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறார். வெயிலில் காய்ந்தவர்களை எங்கள் ஸ்டாண்டு சிவதாணுதான் ஏற்றி வந்தான். வந்ததும் ஆரம்பித்தான்:

"ஏலே டைட்டஸு, மொவ இங்கிலீஷ் டீச்சருக்குப் படிச்சிருக்கா. நீ ஆளை நடுரோட்டுல விட்டுட்டு வாற!"

ஸ்டாண்டே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

மே 1

மகள் ஜினியை மயிலாடி ரோட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் தேதி, கோடை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இங்கிலீஷ் வாக்கிய வகைகள். இது மூன்றாவது பள்ளிக்கூடம். முதல் இரண்டிலும் பிள்ளைகளால் தொந்தரவு இல்லை. கடைசி பெஞ்சில் பிரின்சிபால் உட்கார்ந்து பேனாவைத் திறந்ததும் இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கோயிலில் சபை முழுவதற்கும் வேதபாடம் வாசிக்கிறவள். ஒரு பேனாவுக்கு என்ன அவ்வளவு பயம்?

"இதுவும் போச்சுன்னா சர்டிபிகேட்டைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டு ஜவுளிக்கடை பில்லிங்குக்குப் போறேன்" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மே 2

வீட்டில் ஒத்திகை. பிரின்சிபால் நான்தான். கல்யாணச் சட்டை, கண்ணாடி, மடியில் இந்த டைரி. என் வீட்டுக்காரி ஜெபகனி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள்.

"பத்தாங் கிளாஸ் இங்கிலீஷ்ல தோத்த பிரின்சிபாலு! கொஞ்சம் மொறைச்சுப் பாருங்க, பாவம்போல இருக்கிய."

முறைத்தேன். பேனாவை எடுத்தேன். ஜினி நின்றுவிட்டாள். அப்பன்தான் என்று தெரிந்தும். இதை எழுதும்போது நிற்கிறாள் —

இன்னும் நிற்கிறாள்.

மே 4, ஞாயிறு

பாதிப் பாடத்தில் நிறுத்தி, "அப்பா, அப்படி என்னதான் எழுதுதிய?" என்றாள்.

"மத்தியானம் மீன்கொழம்புல புளி கூடிப்போச்சுன்னு எழுதுதேன், மக்ளே."

வாங்கிப் பார்த்தாள். அப்படியேதான் எழுதியிருந்தது. சிரித்துக்கொண்டே, "அவங்களும் இப்படித்தான் எழுதுவாங்களோ?" என்றாள்.

இருக்கும். யார் கண்டது? அதற்குள் ஜெபகனி வந்து, எந்தக் குழம்பில் புளி கூடியது என்று கேட்டாள். பிரின்சிபால் எழுந்து ஓடவேண்டியதாயிற்று.

மே 6

அவள் பாடத்தை என் கணக்கில் எழுதிப் பார்க்கிறேன். சிம்பிள்: ஒரே ஆட்டோ, தானாக ஓடும். காம்பவுண்ட்: ஓடுகிற இரண்டு ஆட்டோ பக்கத்தில் பக்கத்தில், டிரைவர்கள் பேசிக்கொண்டே. காம்ப்ளெக்ஸ்: ஒன்று ரிப்பேர், தனியாகப் போகாது, பின்னால் வருகிறவன் காலை நீட்டி உந்தித் தள்ள வேண்டும்.

சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க போய் நான் இதைச் சொல்ல மாட்டேன்" என்றாள். அதுவும் சரிதான்.

மே 8

பாடம் எனக்கு மனப்பாடம். பரீட்சை அவளுக்கு. தூக்கம் வரவில்லை எனக்கு.

மே 9, வெள்ளி

வாசலில் இறக்கிவிட்டேன். "நீங்க போயிருங்கப்பா" என்றாள். ஓகே என்றேன். இந்த முறை புரிந்துதான் சொன்னேன். ஆனால் போகவில்லை. ஆட்டோவைத் திருப்பத்தில் விட்டுவிட்டு, வகுப்பு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றேன். எதிரே சிற்பக் கொட்டகையில் கல்லறுக்கும் மிஷின் இரைச்சல். அவள் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்டது. சிம்பிள் முடிந்தது. காம்பவுண்ட் முடிந்தது. "பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்" என்றாள். கரண்ட் போனது. மிஷின் நின்றது. பார்த்தால், அவள் குரலும் நின்றிருக்கிறது.

காக்கா சத்தம். பெஞ்ச் நகரும் சத்தம். எழுதுகிறார்களோ? நான் என்ன செய்ய?

பிறகு லேசாகச் சிரித்தது போல ஒரு சத்தம். அவள்தான். மீன்குழம்பு ஞாபகம் வந்திருக்கும். மீதியைச் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை.

ஜூன் இரண்டாம் தேதி சேரச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து கேட்டாள்:

"அப்பா, வெளிய நின்னு கேட்டியளா?"

"இல்ல மக்ளே, டீ குடிக்கப் போயிட்டேன்."

கரண்ட் போன அந்த நேரத்தில், ஜன்னலுக்குக் கீழே, என் நாக்கு நுனிவரை வந்து நான் விழுங்கிவிட்ட அந்த மீதி வாக்கியம்: வீ வாக்ட் டு சர்ச்.