நோன்பு முடிந்த மறுநாள்

லெஸ்டர் சிறை, இங்கிலாந்து
6.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அஜிதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே போன் கிடைப்பது கஷ்டம், அதனால்தான் கடிதம். ஜினப்பிரியா வீட்டுப் பக்கம் நான் போகக்கூடாது என்று குடும்ப நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. தசலட்சண நோன்பு முடிந்த மறுநாள் போய்க் கதவைத் தட்டிவிட்டேன். அன்றைக்குப் பகையாளி வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்பதுதானே நம் சமணர் வழக்கம்? நீதிபதியிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆறு வாரம் போட்டார்.

சிறை பரவாயில்லை. பொழுது சாய்வதற்குள் சோறு போட்டுவிடுகிறார்கள், இருட்டிய பின் சாப்பிடாத நம்மவர்களுக்குத் தோதான இடம்! ஆனால் ஜெயிலுக்குப் போனவன் என்று விசாவை ரத்து செய்யப்போகிறார்களாம். ஊருக்கு அனுப்பிவிட்டால் அனந்தியை எப்படிப் பார்ப்பேன்? ஆறு வயதுக் குழந்தை, மாமா. எனக்காக ஒரு வார்த்தை எழுதித் தரும்படி உங்கள் மகளிடம் கேளுங்கள்.

அஜிதன்

மேல்சித்தாமூர்
21.10.2024

மாப்பிள்ளைக்கு,

அருகன் அருளால் நலம். வழக்கம் சரிதான். மன்னிப்புக் கேட்கப் போனவர் கதவு திறக்கும்வரை இடித்துக்கொண்டே இருப்பாரா? ஜினப்பிரியா போனில் அழுதாள். "கொழந்த பயந்துபோயி கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிக்கிச்சி நைனா. நான் இன்னா பண்ணுவேன்? போலீசக் கூப்ட்டேன். ஜெயில்ல போடுவாங்கன்னு தெரியாது."

விசாவுக்காக எழுதிக் கொடுத்துவிட்டாள். உங்கள் அத்தை விஜயா உங்களுக்காகப் பால் இல்லாமல் விரதம் இருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பவநாதன்

செஞ்சி
12.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அவள் எழுதியும் பலிக்கவில்லை. அனுப்பிவிட்டார்கள். பல வருஷத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாதாம். இங்கே நெல் மண்டியில் வேலைக்குப் போகிறேன். உங்கள் ஊர் ஒரு பஸ் தூரம்தான், முகம் காட்ட வெட்கமாக இருப்பதால் இதையும் தபாலில் போடுகிறேன்.

விசா போனதுகூட ஆறிவிடும். என் குரல் கேட்டு என் குழந்தை ஒளிந்துகொண்டதுதான் ஆறவில்லை. மன்னிப்பு அந்தக் குழந்தையிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

அத்தையைப் பால் குடிக்கச் சொல்லுங்கள்.

அஜிதன்

மேல்சித்தாமூர்
1.9.2025

மாப்பிள்ளைக்கு,

ஜினப்பிரியாவும் அனந்தியும் லீவில் வந்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை மகளிடம் காட்டினேன். திட்டாதீர்கள்.

நேற்று அனந்தி என்னிடம், "தாத்தா, அப்பா எந்த பஸ்ல வருவாங்க?" என்று கேட்டாள். நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"நோம்பு முடிஞ்ச மறுநாள் வரச் சொல்லு நைனா. கதவத் தொறந்தே வெக்கிறேன். தட்ட வேணாம்."

பொழுது சாய்வதற்குள் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம், நேரத்தோடு வாருங்கள்.

சம்பவநாதன்