தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

வைத்திக்குப்பம், புதுச்சேரி
18 நவம்பர் 1957

கண்ணகி அப்பாவுக்கு, செல்வாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் கண்ணகியும் இருக்கிறோம். சைகோனில் உங்கள் இருமல் நின்றதா என்று எழுதவும். இங்கே அடைமழை. ஒரு வாரமாகக் கட்டுமரம் எதுவும் கடலில் இறங்கவில்லை.

நம் மகன் மண்ணாங்கட்டி யாரைக் கொண்டு பிறந்தான் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். வலையை அறுத்துவிட்டுப் போன கன்னியப்பனை அவன் துடுப்பால் அடித்ததைக் கோபம் என்று விட்டுவிடுகிறார்கள். விழுந்து கிடந்தவனை மறுபடியும் அடித்தானே, அதில்தானே உயிர் போயிற்று, அதற்குத்தான் காரணம் தேடுகிறார்கள். தகப்பன் கூட இல்லாமல் வளர்ந்த பிள்ளை என்று சொன்னால் தண்டனை குறையும் என்கிறார் அவனுக்காக வழக்காடும் அவொக்கா. ஊரில் ரத்தம் என்கிறார்கள். ரத்தம் என்றாலும் என்னுடையது, வளர்ப்பு என்றாலும் என்னுடையது. நானும் யோசித்துப் பார்த்தேன். கண்ணகி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் விரலைக் கடித்தான். கோழி அறுத்தால் வீட்டை விட்டு ஓடுவான். இதில் எதை எடுத்துக்கொள்வது? அதற்குமேல் யோசிக்க முடியவில்லை, மனசு மரத்துக் கிடக்கிறது.

அடுத்தது கண்ணகி விஷயம். காலாப்பட்டுச் சம்பந்தி சாமிக்கண்ணு நிச்சயத்தை முறிக்க வந்தார். கொலைகாரனோடு பிறந்தவளைக் கட்டினால் தன் பேரப்பிள்ளைக்கும் அந்த ரத்தம்தானே ஓடும் என்றார். பஞ்சாயத்துப் பெரியவர் தெய்வசிகாமணிதான் ஒரு வழி சொன்னார். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போனதால், மண்ணாங்கட்டி பிறந்ததும் முறத்தில் போட்டுப் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணிடம் கொடுத்து, தவிடு அளந்து திரும்ப வாங்கினோமே. இது நம் பிள்ளை இல்லை என்று யமன் நினைத்துப் போகட்டும் என்று செய்தது. அதை இப்போது நிஜம் என்று சொல்லிவிடலாம் என்றார். எங்கிருந்தோ வந்த பிள்ளையைச் சின்னப்பொண்ணிடம் வாங்கியதாக இருக்கட்டும், அவளும் செத்துப்போனாள், கேட்க யாருமில்லை என்றார்.

பெண்பிள்ளையைச் சபைக்கு அழைப்பதில்லை. நீங்கள் ஊரில் இல்லாததால் என்னைக் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். 'ஒன் வயித்துப் புள்ளயா, தவுட்டுக்கு வாங்குன புள்ளயா, அத மட்டும் சொல்லு போதும்' என்றார் பெரியவர். தவிட்டுக்கு வாங்கினது என்றேன். நான் வலியெடுத்துக் கத்தியதைக் கேட்ட கிழவிகள் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. 'அவன் வந்த எடம் அப்புடி, நீ என்னாம்மா பண்ணுவ' என்று சம்பந்தி எனக்காக இரக்கப்பட்டார். தையில் கல்யாணம் உறுதியாயிற்று. கண்ணகி என்னிடம் இன்னும் பேசவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சிறைக்குச் சோறு எடுத்துப் போனேன். என்ன உறவு என்று வாசலில் காவலர் கேட்டார். காலாப்பட்டு ஆட்கள் யாராவது நிற்பார்களோ என்று பயந்து, பக்கத்து வீடு என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. சபையில் நடந்த சேதி எனக்கு முன்பே அவனிடம் போய்விட்டது. ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டான். 'நல்லதுதான் சொன்ன, கண்ணகி கல்யாணம் நடக்கட்டும்' என்றான். அம்மா என்று கூப்பிடவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தான், வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகையும் வரவில்லை.

உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நீங்கள் அந்தச் சபையில் நிற்கவில்லை, எதையும் சொல்லவில்லை. அவனுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். புத்தி சொல்ல வேண்டாம், ஏன் அடித்தாய் என்றும் கேட்க வேண்டாம். கல்யாணம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தாலும் பரவாயில்லை. செல்வாம்பாள் பெற்ற என் மகனுக்கு என்று தொடங்குங்கள். அந்த ஒரு வரி போதும். அதை இனி நான் எழுத முடியாது.

இப்படிக்கு,
செல்வாம்பாள்