தவமணிக்கு, படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் எழுதுவது

என் அருமைத் தவமணி,

நம் ஊர்ப் பத்திரிகைகளில் இறந்தவர்களுக்கு என்று ஒரு பக்கம் இருக்கிறது. சின்னப் படம், பிறந்த தேதி, மறைந்த தேதி, கீழே நாலு வரி. உன் முதலாண்டு நினைவு நாளுக்கு அப்படி ஒன்று கொடுக்கப் போவதாக உன் தங்கை சாந்தி சொன்னாள். என் விஷயம் நாலு வரியில் அடங்காது. நானே ஆசிரியருக்குப் போன் போட்டு முழுப் பக்கம் கேட்டேன், கொடுத்துவிட்டார். நீ இருந்தால், "அக்காவுக்குக் கேக்கத் தெரிஞ்சு போச்சு லா" என்று கிண்டல் பண்ணியிருப்பாய்.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

எழுபத்திரண்டில் நீ எங்கள் லோரி கம்பெனிக்கு வந்தாய். கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆபீஸ். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். என் வீட்டுக்காரர் உன்னை டைப் அடிக்கத்தான் எடுத்தார். மூன்றே மாதத்தில் டைப் அடிக்க வேறு ஒரு பெண்ணைத் தேட வேண்டியதாயிற்று, ஏனென்றால் நீ எந்நேரமும் போனில் இருந்தாய். எந்த லோரி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், துறைமுகத்தில் எந்த கேட்டில் கூட்டம் என்று எல்லாம் உன் விரல் நுனியில் இருந்தது. கஸ்டம்ஸ்காரரிடம் மலாய், கிடங்குக்காரரிடம் ஹொக்கியன் சீனம், டிரைவர்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும், அப்போது டிரைவர்கள் மாடிப்படியிலேயே நின்றுவிடுவார்கள்.

இனிமேல் கப்பல் சரக்கெல்லாம் இரும்புப் பெட்டியில்தான் வரும், மூட்டை ஏற்றும் லோரியை மட்டும் வைத்துக்கொண்டு நாம் வேடிக்கை பார்ப்பதா என்று நீ கேட்டாய். அவர் சிரித்தார். ஒரு வருஷம் கழித்து கண்டெய்னர் இழுக்கிற வண்டி வாங்கினார். போகிற கல்யாண வீட்டிலெல்லாம் அது தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார். நீயே அதை என்னிடம் சொல்லிச் சிரித்தாய். எனக்கும் அன்று சிரிப்பாகத்தான் இருந்தது.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். நானும் அந்தக் கம்பெனியின் டைரக்டர். கம்பெனியைப் பதிய இரண்டு டைரக்டர் வேண்டும் என்று என் பெயரைப் போட்டார்கள். நம்மவர்களில் எத்தனையோ வீட்டுக்காரிகள் இப்படி டைரக்டர் ஆனவர்கள்தான். கூட்டம் என்று ஒன்று நடக்காது. தீர்மானத்தை டைப் அடித்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் கூட்டம் நடந்த மாதிரி. என் கூட்டங்கள் எல்லாம் என் சமையலறையில்தான் நடந்தன. வெள்ளிக்கிழமை தோறும் நீ ஃபைலோடு வருவாய். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருப்பாய். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குறி குறியாக லெட்சுமி, லெட்சுமி என்று எழுதிக்கொண்டே போவேன். என்ன ஏது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து காபி குடிப்போம். அந்த அரை மணி நேரத்துக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன், அது உனக்குத் தெரியுமா?

எண்பத்து மூன்றில் பழைய மேனேஜர் ஓய்வு பெற்றார். அடுத்தது நீதான் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். மேனேஜராக வருகிறவரை டைரக்டராகவும் போட்டுவிடலாம் என்று என் வீட்டுக்காரரே சொல்லிக்கொண்டிருந்தார். நீ சேலை எடுக்கக் கிளம்பினாய், துணைக்கு நானும் வந்தேன். மீட்டிங்கில் கட்டுகிற சேலை, பளபளவென்று இருக்கக் கூடாது என்று கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி, கடைசியில் ஒரு கருநீலம் எடுத்தாய். எனக்கு உன்னைவிட அதிகச் சந்தோஷம். என் தோழி டைரக்டர் ஆகப் போகிறாள் என்று பக்கத்து வீட்டு ஆன்டியிடம்கூடச் சொல்லிவைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ வந்தாய். அடுப்பில் பாயசம், கிண்டாமல் விட்டால் அடிபிடித்துவிடும். நீ உட்காரவில்லை. ஃபைலை மேசையில் வைத்துவிட்டு நின்றாய்.

"இன்னிக்கு ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கக்கா."

"நீ கொண்டு வந்தா நான் எதுக்குடி படிக்கணும்?"

போட்டேன். பெருமையாகச் சொல்லிக்கொண்டே போட்டேன், தவமணி. உன் மேல் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டாமா? நீ தாளை எடுத்து, மை காய ஊதி, ஃபைலுக்குள் வைத்தாய். பாயசம் வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனாய்.

என் நாத்தனார் மகன் ரவியை மேனேஜராகவும் டைரக்டராகவும் நியமிக்கிற தீர்மானம் அது. ரகசியமான தாள், வேறு யாரும் பார்க்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் உன்னையே டைப் அடிக்கச் சொல்லியிருக்கிறார். என் பெயருக்கு நேரே பென்சில் குறி போட்டதும் நீதான்.

அன்று சாப்பிடும்போது அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லை என்றால் தானே காரோட்டி வந்து பார்த்தவர். ஆனால், "போர்ட்டுல பெரிய பெரிய தவுக்கே, மொதலாளிங்க கூடல்லாம் பேசணும், ஒரு பொம்பள போயி உக்காந்தா யாரு மதிப்பா?" என்றார். அவர்கள் பதினோரு வருஷமாக உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார்கள், மதித்துக்கொண்டும் இருந்தார்கள். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. கையெழுத்தைப் போட்டாகிவிட்டது, இனி என்ன செய்ய என்று அவருக்கு ரசம் ஊற்றினேன். அந்த ரசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

ரவிக்கு அப்போது இருபத்து நாலு வயது. நல்ல பையன், ஆனால் லோரிக்கு எத்தனை சக்கரம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் நீ பக்கத்தில் இருந்து அவனை நிமிர்த்திவிட்டுப் போனாய். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஏற்றுமதிப் பிரிவில் சேர்ந்தாய். அங்கேயும் உனக்கு மேலே இரண்டு பேர் வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். தீபாவளிக்கு மட்டும் என் வீட்டுக்கு வருவாய். முறுக்கு, பிள்ளைகள் படிப்பு, சாலை நெரிசல், எல்லாம் பேசுவோம். அந்தத் தாளைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

போன வருஷம் பிரிக்பீல்ட்ஸில் உன்னைக் கிடத்தியிருந்தபோது, உனக்கு அந்தக் கருநீலச் சேலைதான் கட்டியிருந்தார்கள். சாந்திக்கு அதன் கதை தெரியாது. அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது, அதனால் எடுத்தேன் என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அதற்கு அடுத்த வாரம் நான் கம்பெனிக் கூட்டத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது, பங்கில் பாதிக்கு மேல் என் பெயருக்கு வந்திருந்தது, அதுவரைக்கும் நான் ஒரு கூட்டத்தைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. மேசையில் ரவி, அவருக்குப் பிறகு டைரக்டரான என் கொழுந்தனார், நான். மூன்றே பேர். முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்த கையோடு எழுந்து எல்லோருக்கும் காபி ஊற்றினேன். பழக்கதோஷம்! இரண்டாவது கூட்டத்தில் ஊற்றவில்லை. மூன்றாவதில் கொழுந்தனார் எனக்கு ஊற்றினார்.

கம்பெனியின் விதிப் புத்தகம் ஒன்று உண்டு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று அதைப் படித்தேன். ஒன்பதாவது பக்கத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. கூட்டம் இல்லாமல் தீர்மானம் போட்டால் எல்லா டைரக்டர்களும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் மறுத்தாலும் செல்லாது என்று எழுதியிருந்தது. அன்று இருந்ததே இரண்டு டைரக்டர்கள். நான் போடாமல் இருந்திருந்தால் அது குப்பைக் காகிதம்.

எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும். அந்தப் புத்தகம் உன் மேசையில்தானே இருந்தது? பின்னே ஏன் சொல்லவில்லை, தவமணி? நான் மறுத்தால் என் வீட்டில் சண்டை வரும் என்று நினைத்தாயா? கேட்டு வாங்கக் கூடாது, நானாகப் படித்து நானாக நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று காத்திருந்தாயா? இல்லை, படித்தாலும் இவள் போட்டுத்தான் கொடுப்பாள் என்று முடிவு கட்டிவிட்டாயா? மூன்றில் எது என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கடைசியாகக் கேட்டது மட்டும் உண்மையாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்போது புதுச் செய்தி. நீ வேலையை விட்டுப் போன பிறகு உன் மேசைக்கு வந்தவள் கலா. செலாயாங்கிலிருந்து வருகிறாள், இரண்டு பிள்ளைகள், உன்னைப் போலவே போனும் கையுமாக இருப்பாள். பத்து வருஷமாக வண்டி ஓட்டம் முழுக்க அவள் பொறுப்பு. போன மாதக் கூட்டத்தில், கலாவை டைரக்டராகப் போட வேண்டும் என்று நான் சொன்னேன். இடையில் நிறுத்தாமல் முழுசாகச் சொல்லி முடித்தேன்.

ரவி மரியாதையாகத்தான் பேசினான். கலா நம் வீட்டுப் பெண் மாதிரி, பதவி இல்லாவிட்டாலும் தப்பாக நினைக்க மாட்டாள் என்றான். அப்புறம் இன்னொன்றும் சொன்னான்: "வேணும்னா அத்தை, உங்க எடத்தையே கலாவுக்குக் குடுத்துருங்களேன். உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்."

கொழுந்தனார் அதுவும் நல்ல யோசனைதான் என்று தலையாட்டினார். எனக்குச் சரி என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. விட்டுக்கொடுப்பது எனக்குக் கைவந்த கலை இல்லையா? எழுந்து போயிருந்தால் ஊரே என்னை மெச்சியிருக்கும். ஆனால் யோசித்துப் பார், மேசையில் ஒரு பெண்ணுக்குத்தான் இடம் என்று யார் எழுதி வைத்தது? ஒருத்தி வர இன்னொருத்திதான் எழுந்து போக வேண்டுமா?

"நான் எந்திரிக்க மாட்டேன் ரவி," என்றேன். "கலாவும் வருவா. ஏழு பேரு வரைக்கும் இருக்கலாம்னு புக்குல இருக்கு. நான் படிச்சுட்டேன்."

கொழுந்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அண்ணி சொல்வது சரிதான் என்று கையைத் தூக்கினார். ரவியும் தூக்கினான். கொஞ்சம் தாமதமாக, ஆனால் தூக்கினான்.

மாடிப்படி இறங்கும்போது அவன் என்னை நிறுத்தினான். "எனக்குத் தொழில் கத்துக் குடுத்தது தவமணி அக்காதான், அத்தை. அவங்க எடத்துலதான் நான் உக்காந்திருக்கேன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றான். அவனைத் திட்டத் தோன்றவில்லை. அந்த இடத்தில் அவனை உட்கார வைத்தவள் நான்தானே.

நியமனத் தாளைக் கலாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் எனக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் அதை இரண்டு முறை படித்தாள். ஒரு வரி சரியில்லை, திருத்தி எடுத்து வரச் சொல்லுங்கள் என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

ரவி சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் என்னை உறுத்துகிறது. நம் வீட்டுப் பெண் மாதிரி. உன்னையும் நாங்கள் அப்படித்தான் சொன்னோம். நீ என் தங்கச்சி என்று பார்த்தவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டேன். தங்கச்சிக்கு எதற்குப் பதவி, தங்கச்சி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று உறவைச் சொல்லியே உன்னை வாசலில் நிறுத்திவைத்தோம். பாசம் பொய்யில்லை, தவமணி. அது உனக்குக் கொடுக்க வேண்டியதற்குப் பதிலாக வந்துவிட்டது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கலாவை நான் மகளே என்று கூப்பிட மாட்டேன். அவள் அந்த மேசையில் இருக்கிற வரைக்கும் டைரக்டர் என்றுதான் சொல்வேன், மற்றவர்களையும் சொல்ல வைப்பேன். அவளுக்கு அடுத்து வருகிறவளுக்கும் அப்படித்தான்.

உன்னிடம் மட்டும் இன்று உறவு சொல்லலாம் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லி உனக்குத் தராமல் வைத்துக்கொள்ள இனி என்னிடம் ஒன்றுமே இல்லை.

உன் அக்கா,
லெட்சுமி
கிள்ளான்