மயிரிழை விரிசல்

செவ்வாய், இரவு.

கிரேன் கொக்கியில் விரிசல். தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என் வேலை. 'ஸ்மால்' என்று எழுதியிருந்தேன். மேலாளர் அதை அடித்தார்.

"ஹேர்லைன்னு போடுப்பா. இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதுவாங்க. ஸ்மால்னா கிரேனை நிறுத்திடுவாங்க."

மாற்றினேன்.

கிரேன் ஓட்டும் மோசஸ் அண்ணன், "இன்னா எழுதிக்கினு கீற தம்பி?" என்றார். மயிரிழை அளவு என்று தமிழில் சொன்னேன். என்னைக் கொக்கியிடம் கூட்டிப்போய் விரிசலுக்குள் நகத்தை விட்டுக் காட்டினார்.

"இது மயிரா? கீழ ஆளுங்க நிக்கிறாங்கப்பா."

'ஹேர்லைன்' என்பதை அழித்துவிட்டு, நகம் நுழையும் அகலம் என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மாலையே கிரேனை நிறுத்திவிட்டார்கள்.

நாளைக் காலையில் தன் அறைக்கு வரும்படி மேலாளர் போனில் சொல்லியிருக்கிறார். அவர் குரலே சரியில்லை. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.