மொட்டைத் தலைக்கு ஒரு ஹேர் டிரையர்

ஓலசுண்ட்
செப்டம்பர், செவ்வாய் காலை

அன்பு மகள் இங்குன்னுக்கு அம்மா எழுதுவது. சிலியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அப்பாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை. ஃபோனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டவுடன் பக்கத்தில் வந்து காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

போன மாதம் ஒரு காலை நண்டுக் கூடை எடுக்கப் போனவர் திரும்பி வரும்போது படகை நேராகக் கொண்டுபோய்த் துறையில் மோதினார். ஆயுசெல்லாம் தீவுக்குத் தீவு ஆள் ஏற்றும் ஃபெரிப் படகு ஓட்டிய மனுஷன். கேட்டால் மூடுபனி என்கிறார். அன்றைக்கு எதிர்த் தீவில் ஆடு மேய்வதுகூட எனக்குத் தெரிந்தது. மூடுபனி அவர் கண்ணில்தான். காலையில் மங்கல், மதியம் ஆக ஆகத் தெளிகிறது. அதற்காகவே பேப்பர் படிப்பதைக்கூட சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றிக்கொண்டிருக்கிறார், ரிட்டையர் ஆனவனுக்கு என்ன அவசரம் என்று எனக்குச் சமாதானம் வேறு. நானும் நம்பித் தொலைத்தேன்.

இழுத்துக்கொண்டு கண் மருத்துவமனைக்குப் போனேன். காலை நேரம்தான் கொடுத்தார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கழிப்பறைக்குப் போனார், உள்ளேயிருந்து உஸ்ஸென்று சத்தம். கோட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு கண் சிவக்க வெளியே வருகிறார். சோதனை செய்யும் சோல்ஃப்ரிட் அந்த மொட்டைத் தலையை ஒரு பார்வை பார்த்து, உள்ள எதைக் காய வெச்சீங்க அஸ்லாக் என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என் ஹேர் டிரையர்! அந்தக் காற்றைக் கண்ணில் காட்டினால் கொஞ்ச நேரத்துக்கு நீர் வற்றித் தெளியுமாம். தினமும் காலையில் அது ஏன் சூடாக இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிறதே கார்னியா, அதற்குள் ஒளியை விட்டு எவ்வளவு மங்கல் என்று முதல் கருவியில் அளந்தார்கள். வயதானால் யாருக்கும் கொஞ்சம் கூடுமாம். இவருக்கு அந்த அளவுதான் காட்டியது. பாத்தியா, என் வயசுக்கு இருக்க வேண்டியதுதான் இருக்கு என்று என்னிடம் ஒரு வெற்றிச் சிரிப்பு. சோல்ஃப்ரிட் விடவில்லை, இன்னொரு கருவியில் உட்காரவைத்து உள்பக்கத்துச் செல்களைப் படம் எடுத்தாள். கார்னியாவிலிருந்து நீரை வெளியேற்றி அதைத் தெளிவாக வைப்பது அவைதான். செத்துப்போனால் புதிதாக முளைக்காது. எல்லோருக்கும் வயதோடு குறையும், இவருக்குப் படத்தில் அங்கங்கே வெறும் கறுப்பு ஓட்டைகள். உங்க படகுல தண்ணி இறைக்கிற பம்ப் பாதி நின்னுபோச்சு, நீங்க மேல்தளத்தைத் துடைச்சுக் காட்டுறீங்க என்றாள். இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்த மெல்லிய படலத்தை ஆபரேஷனில் வைத்துச் சரிசெய்யலாமாம். தேவையில்லை என்று எழுந்துவிட்டார்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று அவள் கேட்டதற்கும் இல்லை என்று கூசாமல் சொன்னார். அவர் அம்மாவுக்கு இதேதான் இருந்தது. காரில் வரும்போது பிடித்து உலுக்கினேன். இருந்துச்சுன்னு சொன்னா இங்குன்னோட கண்ணையும் பாக்கச் சொல்லுவாங்க, அவ்ளோ தூரத்துல இருக்கிற புள்ளைக்கு நான் குடுத்தது இதுதானான்னு ஆயிடும் என்றார். உங்க மூக்கையும் பிடிவாதத்தையும் ஏற்கெனவே குடுத்தாச்சு, அதுக்கு அவ அழுதாளா என்று கேட்டேன். வீடு வந்ததும் உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டார். செய்யவில்லை. நீ கண்ணைச் சோதித்துக்கொண்டு உன் வாயால் அவரிடம் சொல். ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பார். இல்லாவிட்டால் அடுத்த முறை மோதுவது துறையாக இருக்காது, எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை எழுதும்போது எதிரே உட்கார்ந்து ரொட்டியில் பழுப்புச் சீஸ் வைத்துத் தின்றுகொண்டிருக்கிறார். ஹேர் டிரையரை ஒளித்துவிட்டேன், கண் தெளிய இன்னும் மதியம் ஆகவில்லை. காகிதம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் திறந்தே கிடக்கிறது. என்ன எழுதுற என்று கேட்டார். மழையைப் பத்தி என்றேன். இந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்பா நல்லா இருக்காருன்னும் எழுது என்றார்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். கண் சோதனைக்குக் காலையிலேயே போ, ஈரத் தலையோடு போனாலும் பரவாயில்லை.

உன் அம்மா
குன்வோர்