கண்ணாடியோடு தூங்கிய லூசியா காலை

சேலன் மலை, டிசம்பர் 13

அன்பு மகள் உல்ரிகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் முட்டியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். ஆஸ்திரேலிய வெயிலில் நீயும் பிள்ளைகளும் வாடாமல் இருக்கிறீர்களா? எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே, பிறந்த அன்றே நடக்கப் பார்க்கும் கன்றுக்குட்டி மாதிரி ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்கிறது, ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. அம்மா போன பிறகு இந்த ஆறு வருஷமாக உன் கடிதங்களுக்குப் பதில் வராததற்குக் காரணம் என் சோம்பேறித்தனம் இல்லை. இத்தனை நாள் எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மரம் வெட்டப் போனவனுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வந்தது.

இதுவரை விடிவதற்கு முன்னால் எழுதியது. மீதியை இப்போது மத்தியானம் எழுதுகிறேன், மேல் மூலையில் இருக்கும் மஞ்சள் கறை குங்குமப்பூ பன்னின் வெண்ணெய்.

ஒரு வருஷமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் நூலகத்தில் ஒரு டீச்சரம்மா எனக்குச் சொல்லித்தருகிறார். யாருக்கும் சொல்லவில்லை, முதலில் உனக்குத்தான், அதுவும் என் கையாலேயே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அந்த ஆசை எப்படி மண்ணைக் கவ்வியது என்று கேள். உன் தம்பி யோரான் பனிச்சறுக்குக்காக இங்கே ஒரு மரவீடு வாடகைக்கு எடுத்து எங்கள் எல்லோரையும் காரில் கூட்டிவந்தான். ஐந்து மணி நேரமும் என் வாய் சும்மா இல்லை, வழியில் வந்த பலகை ஒன்று விடாமல் வாசித்தேன். ஏன் இப்படி என்று மாரித் கேட்டபோது, புதுக் கண்ணாடி வாங்கியிருக்கிறேன் மருமகளே, அந்தச் சந்தோஷம் என்று சமாளித்தேன். "கடமான் ஜாக்கிரதை" என்று ஒன்றைப் படித்ததற்கு யோரான், "அதுல எழுத்தே இல்லப்பா, வெறும் படம்" என்றான். படத்தையும் விட்டுவைக்கவில்லை நான்.

உன் தம்பி மகள் வெண்டெலாவுக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துச் சீட்டுக் குலுக்கலில் மூன்றாவது வருஷமாக, இன்றைய திருநாளில் விடியலுக்கு முன் விளக்கோடு பாடிவந்து எல்லோரையும் எழுப்புகிற லூசியா வேஷம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது, அழுது கண் வீங்கிவிட்டதாம். அதனால் இந்த வருஷம் வீட்டுக்கு அவள்தான் லூசியா, எழுப்பப்படுகிற ஆள் நான். "தாத்தா, நான் பாடிக்கிட்டு வர்ற வரைக்கும் நீங்க கண்டிப்பா தூங்கணும், சத்தியம் பண்ணுங்க" என்றாள், பண்ணினேன். ஆனால் காட்டு வேலைப் பழக்கம், ஐந்து மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. பாட்டு ஆறு மணிக்குத்தானே என்று சமையலறையில் உட்கார்ந்து முதல் பத்தியை எழுதினேன், அந்த ஐந்தாறு வரிக்கே ஒரு மணி நேரம் போய்விட்டது. மாடிப்படியில் பாட்டுச் சத்தம் கேட்டதும் கடிதத்தோடு ஓடிப் படுக்கையில் விழுந்து போர்வையை இழுத்துக் குறட்டையும் விட்டேன், நல்ல குறட்டைதான். வெள்ளை அங்கி, சிவப்பு இடைக்கச்சை, தலையில் விளக்குக் கிரீடம், கையில் காப்பியும் பன்னுமாகக் குழந்தை வந்து நின்றாள், பின்னால் அவள் அப்பாவும் அம்மாவும். பாட்டு பாதியில் நின்றது. "தாத்தா, தூங்கறதுக்கு எதுக்குக் கண்ணாடி?" என்றாள்.

கழற்ற மறந்துவிட்டேன் அம்மா. உதடு துடித்தது அவளுக்கு. அப்புறம் என் கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டாள். "பொய்த் தூக்கத்துக்குத் தண்டனை, அதை எல்லாருக்கும் சத்தமா படிங்க." ஐம்பது வருஷமாக இந்த மாதிரி நேரத்துக்கு என்னிடம் ஒரே பதில்தான், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்று சனியன் மூக்கின்மேலேயே உட்கார்ந்திருந்தது. விரல் வைத்து மெதுவாகப் படித்தேன். கிரீடத்தில் பேட்டரி விளக்கு என்பதால் தப்பித்தோம், நிஜ மெழுகுவர்த்தியாக இருந்தால் நான் இரண்டாவது வரியை முடிப்பதற்குள் பிள்ளை தலையில் உருகியிருக்கும். படிக்கத் தெரியாது என்ற வரியையும் படித்து முடித்தேன்.

யோரான்தான் பேசினான். "இதுக்கு முன்னாடி உங்களுக்குக் கண்ணாடியே கிடையாதேப்பா. இல்லாத கண்ணாடியத்தானே அம்பது வருஷமா மறந்துட்டு வந்தீங்க. எனக்கும் அக்காவுக்கும் சின்ன வயசுலேயே தெரியும்." பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார். அதோடு விட்டானா, "அக்கா எதுக்குக் கடிதம் முழுக்கப் படம் போடறான்னு நினைச்சீங்க?" என்றும் கேட்டான்.

வெண்டெலா மன்னித்துவிட்டாள். கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, திரும்பப் படுக்கவைத்து, முதலிலிருந்து ஊர்வலம் வந்தாள். இந்தத் தடவை நான் நிஜமாகவே தூங்கிப்போனேன், எழுப்ப மூன்று பாட்டு ஆனதாம்.

உல்ரிகா, பாலம் கட்டுகிற எஞ்சினியர் இந்த வயதில் கடிதத்தின் ஓரமெல்லாம் பொம்மை போடுகிறாளே, இன்னும் விளையாட்டுப் புத்தி போகவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். காற்றில் பறந்த கூரை, சின்னவனின் மாவுக்கட்டுப் போட்ட கால், இரண்டு பல் விழுந்த பெரியவள், எல்லாம் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அவை எனக்காகத்தான் என்று இந்த மடையனுக்கு இன்றுதான் தெரிந்தது.

இனிமேல் படம் வேண்டாம், எழுத்தே போதும். இல்லை, படமும் போடு, இரண்டையும் படிக்கிறேன். கூரை ஆணிகளை மழைக்கு முன்னால் ஒருமுறை பார்க்கச் சொல். நீங்கள் எல்லோரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். அடுத்த வாரமும் எழுதுவேன், வெண்டெலாவிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேன், இதையாவது காப்பாற்ற வேண்டும்.

உன் அப்பா,
அல்கோத்

(பக்கத்தில் நான் வரைந்திருப்பது கடமான். நாய் இல்லை.)