வாசல் வழியே போகாத தொட்டி

ஜூன் 3, செவ்வாய்

வெயில். அக்னி நட்சத்திரம் முடிந்தும் குறையவில்லை. கோட்டை மலைப் பாறைகள் காலையிலேயே வெளுத்துத் தெரிந்தன.

முன்னறையைக் காலி செய்தோம். டிவி, பீரோ, அம்மாவின் கட்டில். கட்டிலை நைனாவும் அண்ணனும் தூக்கிப் பின்பக்கக் கொட்டகையில் போட்டார்கள். கட்டில் இருந்த இடத்தில் மட்டும் தரை வேறு நிறம். தொட்டி அங்கேதான்.

அண்ணன் துபாயில் செய்த வேலை இதுதான். பங்களாக்களில் கண்ணாடித் தொட்டி கட்டி, கடல் தண்ணீர் நிரப்பி, பவளம் வளர்ப்பது. மார்ச் கடைசியில் அம்மா இறந்தபோது வர முடியவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை. காரியத்துக்குத்தான் வந்தான். அக்டோபருக்குள் திரும்பாவிட்டால் விசா செல்லாது.

போக விருப்பமில்லை அவனுக்கு. திண்டிவனத்தில் ஒருவர் லாட்ஜ் கட்டுகிறார். நம் வீட்டுத் தொட்டியைப் பார்க்க வருவார். பிடித்துவிட்டால் லாட்ஜ் வாசல் ஹாலில் இதைவிடப் பெரியதாக ஒன்று. அதைப் பார்த்து இன்னும் சிலர். அண்ணன் இங்கேயே இருந்துவிடலாம்.

அவன் இருந்தால் வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரவு ரசம், அப்பளம்.

ஜூன் 9, திங்கள்

கண்ணாடி வந்தது. நைனாவின் மினி லாரியில், பலகைக்குப் பலகை வைக்கோல் வைத்து, சென்னையிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து. ஒவ்வொன்றும் கதவு உயரம், என் கட்டைவிரல் தடிமன். தெருவே வந்து தூக்கியது.

முழுத் தொட்டியாக ஒட்டினால் வாசலில் நுழையாது. அதனால் அறைக்குள் வைத்தே ஒட்ட வேண்டும்.

"அப்ப வெளிய எடுக்கணும்னா?" என்று நைனா கேட்டார்.

"எடுக்க முடியாது நைனா. உடைச்சாத்தான் உண்டு."

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "இன்னா சரவணா, ஐஸ் பொட்டி மாதிரி இருக்குதே" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இதே இடத்தில்தான் அம்மாவை வைத்திருந்த அந்த ஐஸ் பெட்டியும் இருந்தது. நான் போனைக் கண்ணாடி மேல் பிடித்துக்கொண்டிருந்தேன், அண்ணன் துபாயிலிருந்து பார்க்க. கண்ணாடி மேல் ஈரம் படிந்து முகம் தெரியவில்லை. "தொடைடி" என்றான். துடைத்தேன். மறுபடி படிந்தது.

வைக்கோலைக் கூட்டிப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

சிலிக்கான் பசை. வீடெல்லாம் வினிகர் நாற்றம். சோறுகூடப் புளிக்கிறது. நான் டேப் கிழித்துக் கொடுக்கும் வேலை. அண்ணன் பசை இழுக்கும்போது மூச்சுவிடமாட்டான். நானும் விடவில்லை.

டீச்சர் ஒருவர் வந்தார். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டதைக் கேட்க. நான் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டேன். அவர் போன பிறகு வந்தேன். அம்மா நோயில் படுத்தபோது நின்றது. இப்போது படுத்தவர் இல்லை. ஆனாலும் போகத் தோன்றவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஒழுகுகிறதா என்று பார்க்க போர் தண்ணீர் நிரப்பினோம். அடியில் சுற்றிலும் நியூஸ் பேப்பர். ஈரம் பட்டால் தெரியும். படவில்லை.

வல்லத்திலிருந்து அத்தை வந்தாள். நைனாவின் அக்கா. கண்ணாடி நான்கு பக்கமும் சந்தனம், குங்குமம். உள்ளே ஒரு மஞ்சள் கிழங்கு போடப் போனாள். அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"அத்த, வெளிய இன்னா வேணா வெய்ங்க. உள்ள ஒண்ணும் போடாதீங்க."

"மஞ்சளுகூட ஆவாதா உங்க கடலுக்கு? கடலு முழுக்க மஞ்சளு பூசிக் குளிக்கிறாளுங்க."

தண்ணீரை வடித்த பிறகு அண்ணன் எனக்குச் சொன்னது:
சோப்புக் கை ஆகாது.
சோப்பு போட்டுக் கழுவிய பக்கெட் ஆகவே ஆகாது.
கொசுவத்தி கூடாது.
சாம்பிராணி கூடாது.
தலைக்கு எண்ணெய் வைத்த கையால் தொடக் கூடாது.

ஜூன் 30, திங்கள்

மழை வருவது போல் வந்து போனது.

பாறை வந்தது. வெளிநாட்டுப் பாறை, ஓட்டை ஓட்டையாக, லேசாக. அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "செஞ்சில பாறைக்கா பஞ்சம்? மலை மலையா நிக்குது. இவன் துட்டு குடுத்துக் கல்லு வாங்குறான்." பிறகு உப்புப் பாக்கெட்டைப் பார்த்தாள். "இதுவும் துட்டா? மரக்காணத்துல அள்ளிக்கடா."

"அது சாப்புடுற உப்பு அத்த. இது கடலு உப்பு."

"அது மட்டும் எங்கேர்ந்து வருது, ஏரியிலேர்ந்தா?"

நைனா சிரித்தார். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான். நான் பார்க்காதது போல் இருந்தேன்.

ஜூலை 14, திங்கள்

தண்ணீர், பாறை, நீல விளக்கு, பம்ப் சத்தம். உயிர் ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் முதலில் வளர வேண்டுமாம். அதுவரை காத்திருக்க வேண்டும்.

மதியம் முழுக்க எதிரில் உட்கார்ந்திருந்தேன். இப்படியே இருந்துவிட்டால்கூடப் பரவாயில்லை.

கரண்ட் போனது. இன்வெர்ட்டர் தாங்கியது.

ஆகஸ்ட் 4, திங்கள்

உயிர்கள் வந்தன. பாலிதீன் பைகளில், தெர்மோகோல் பெட்டியில். பவளம் வெளிநாட்டில் தொட்டியில் வளர்த்தது, பில் இருக்கிறது. நம் கடலில் உடைத்ததைத் தொட்டால் கேஸ்.

வந்தவை:
ஆரஞ்சு மீன் ஜோடி, வெள்ளைப் பட்டை.
மஞ்சள் மீன்.
கண்ணாடியைத் தின்று சுத்தம் செய்யும் நத்தைகள்.
சிவப்பு இறால், நீள மீசை.
பவளங்கள். ஒன்று காளான் மாதிரி. ஒன்று விரல் விரலாக. ஒன்று பூ மாதிரி, விளக்கு போட்டால் விரியும்.

தெருப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள். "அக்கா, அந்த எறாவ கொழம்பு வெப்பீங்களா?" நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றா ஆமாம் என்றா, எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் இறால் செத்துக் கிடந்தது. மீசையோடு, கண்ணோடு. அண்ணனை எழுப்பினேன். பார்த்துவிட்டுச் சிரித்தான். "சட்டை உரிச்சிருக்குது பவி. பாம்பு மாதிரி. அதோ பாரு." பாறை இடுக்கில் இறால், புதிதாக.

உரித்த சட்டையை எடுத்துத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அண்ணன் சென்னை போனான், விளக்கு வாங்க, லாட்ஜ்காரரின் இன்ஜினியரைப் பார்க்க. தொட்டி என் பொறுப்பு.

தண்ணீர் தினமும் ஆவியாகிக் குறையும். உப்பு போகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரை இரவே பிடித்து வைத்து, காலையில், அடியில் பம்ப் இருக்கும் கீழ்த்தொட்டியில் ஊற்ற வேண்டும். அதற்கு ஒரு வெள்ளை கேன். வெயிலில் காயவைத்திருந்தேன், அடி வெடித்துவிட்டது.

வீட்டில் உள்ள பக்கெட், அண்டா, குடம் எல்லாம் சோப்பு பட்டவை. யோசித்துப் பார்த்தேன். சோப்பே படாதது ஒன்றுதான். அம்மாவின் செப்புக்குடம். அம்மா அதைப் புளி தவிர வேறெதிலும் தேய்த்ததில்லை. குடிக்கிற தண்ணீர் எப்போதும் அதில்தான். ராத்திரி முழுக்கச் செம்பில் இருந்த தண்ணீர் சுத்தம் என்பாள்.

காரியம் முடிந்த அன்று நைனாவே அதைப் பரண்மேல் ஏற்றினார். இப்போது கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம்.

இறக்கினேன். கறுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். கழுத்து நெளிவில் அழுக்கு போகச் சாம்பல். நன்றாகக் கழுவி, ஆர்.ஓ. பிடித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விடியலில் ஊற்றினேன். குடம் இடுப்பில் சரியாக உட்காருகிறது.

நைனா பார்த்தார். நின்றார். டீ குடிக்காமல் வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 16, சனி

அண்ணன் வந்துவிட்டான். கேன் உடைந்ததைச் சொன்னேன்.

"வேற வாங்கணுமா?"

"வேணாம்ண்ணா. வேற இருக்குது."

"சோப்பு?"

"படாதது."

"கில்லாடிடி நீ" என்றான். அவன் எழுவதற்குள் ஊற்றி முடித்து, குடத்தைச் சமையலறையில் கவிழ்த்துவிடுகிறேன். வேறு வேலை எதிலும் மனம் ஒட்டவில்லை. இது மட்டும் செய்ய முடிகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

புழுக்கம். நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து கிடக்கின்றன. நிமிர்த்தி வைத்தால் மறுபடி விழுகின்றன. பூப் பவளம் விரியவில்லை.

அண்ணன் தண்ணீரைக் குழாய் குழாயாகப் பிடித்துச் சோதித்தான். உப்பு சரி. சூடு சரி. எல்லாம் சரி.

செப்டம்பர் 9, செவ்வாய்

இறால் சட்டை உரித்திருக்கிறது என்று நினைத்தேன். எடுத்தேன். கனமாக இருந்தது.

தீப்பெட்டியில் வைக்கவில்லை.

அண்ணன் அத்தையிடம் கேட்டான். "சாம்பிராணி போட்டீங்களா அத்த? நெசத்த சொல்லுங்க."

"ஆமாண்டா. இந்த வூட்ல எது செத்தாலும் நாந்தான். எறா செத்தா நானு, எலி செத்தா நானு." பையைத் தூக்கிக்கொண்டு வல்லம் பஸ் ஏறிவிட்டாள். மதியச் சோறு அப்படியே இருந்தது.

லாட்ஜ்காரர் இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு வருகிறார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அண்ணன் தூங்கவில்லை போல. விடியலில் நான் குடத்தோடு வரும்போது தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தான். குடத்தைப் பார்த்தான்.

"இதுலயா ஊத்துற?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"கேன் ஒடைஞ்சதுலேர்ந்து."

எழுந்து வந்து குடத்தை வாங்கிக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். "செம்பு பவி. மீனு தாங்கும். நத்தை, எறா, பவளம் எதுவும் தாங்காது. தண்ணியில கரைஞ்சு பாறைக்குள்ள போயி ஒக்காந்துக்கும். துபாய்ல யாரும் செம்புல தண்ணி புடிக்க மாட்டாங்க. அதான் ஒனக்குச் சொல்லணும்னும் தோணல, செம்பு இருக்குதான்னு சோதிக்கணும்னும் தோணல எனக்கு."

திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. குடத்தின் விளிம்பை விரலால் தடவினான். "புளி போட்டியா?"

"ம்."

"அம்மா மாதிரியே வெளக்கியிருக்கிற."

அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. ஐஸ் பெட்டி முன்னால் நின்ற அன்றும் வரவில்லை. கல்லு மாதிரி நிக்குது பாரு என்று யாரோ சொன்னார்கள்.

அத்தைக்குப் போன் போட்டான். "நீங்க இல்ல அத்த. மன்னிச்சிக்குங்க." அங்கிருந்து நீண்ட நேரம் சத்தம் கேட்டது.

பகலெல்லாம் தண்ணீர் மாற்றினோம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

லாட்ஜ்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு போன். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால்.

"கடலே இருக்குதுன்னு சொன்ன. வெறும் கல்லுல்ல இருக்குது?"

"தண்ணியில செம்பு கலந்துடுச்சு சார். பவளம் போயிடுச்சு. திரும்ப வரும், கொஞ்சம் நாளாவும்."

"யாரு கலந்தது?"

"நான்தான் சார். கவனிக்கல."

அவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். ஆரஞ்சு மீன் வந்து எட்டிப் பார்த்தது. "வேலை சுத்தமா செஞ்சிருக்க தம்பி, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நம்ம சனம் தண்ணிய பாத்தா காசு போடும். கொளத்துல போடுது, கெணத்துல போடுது, இதுல போடாதா? செம்புக் காசு ஒண்ணு வுழுந்தா என் கதி இன்னா?"

அண்ணன் மூடி போடலாம் என்றான். பாதுகாப்பு என்றான். அவர் கேட்டுக்கொண்டே செருப்பு மாட்டினார். "பெரிய டிவி ஒண்ணு மாட்டி, மீன் படம் ஓட வுட்டுர்றேன். அது சாவாது பாரு."

டீ கொண்டுபோக வேண்டும் என்று வைத்திருந்தேன். போக முடியவில்லை. ஏடு கட்டிவிட்டது.

அக்டோபர் 1, புதன்

தூறல். டிக்கெட் போட்டாகிவிட்டது.

தொட்டியில் மீன் மட்டும். நத்தை ஓடுகளை முருங்கை மரத்தடியில் கொட்டினேன்.

"மீன் இருக்கட்டும்" என்றான் அண்ணன். "தண்ணி மாத்திட்டே இரு. அடுத்த லீவுல பாறைய புதுசா போடலாம். தொட்டி எங்கயும் போவாது."

"ம்."

"ஒன்னால இல்ல பவி. எனக்கும் இது நடக்கும்னு கொஞ்சம் தெரியும்."

பொய். வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

அண்ணன் போய்விட்டான். நைனாவின் வண்டியில், சென்னைக்கு. வாசல் படி தாண்டும்போது தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னை. கையசைக்கத் தெரியாமல் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பம்ப் சத்தம் இன்று ரொம்பப் பெரிதாகக் கேட்கிறது.

புது கேன் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். மேலே மார்க்கரில் 'மீன்' என்று எழுதியிருக்கிறான்.

அக்டோபர் 9, வியாழன்

மழை. துணி காயவில்லை.

செப்புக்குடத்தைப் பரண்மேல் ஏற்றப் போனேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, கையில் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு இறங்கிவிட்டேன். தேய்த்து, தண்ணீர் பிடித்து, அம்மா வைக்கும் மூலையில், அதே தட்டுப் போட்டு மூடி வைத்தேன்.

மதியம் அண்ணன் போன்.

"தண்ணி ஊத்துனியா?"

"ஊத்திட்டேன்."

"எதுல?"

"கேன்ல."

"கொடம்?"

"குடிக்க வெச்சிருக்கிறேன்."

அங்கே ஏதோ வண்டிச் சத்தம்.

"நைனா பாத்தாரா?"

"பாத்தாரு. நின்னுட்டே குடிச்சாரு."

"இன்னா சொன்னாரு?"

"இன்னொரு டம்ளர் கேட்டாரு."